குருவி, கிடா, ஆனை

"முயலும் விழணும். மானும் விழணும். பன்னியும் விழணும். காட்டெருமையும் விழணும். எல்லாத்துக்கும் ஒரே தோட்டா. அது எதுங்க அம்மிணி?"

மயிலாத்தாள் அரத்தை நிறுத்தவில்லை.

"இதுல எது உங்க கையை விட்டுத் தப்பிச்சதுங்கண்ணா?"

"பன்னி."

"அப்ப முயலை எதுக்கு இத்தனை தூரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

பதில் தெரியாத கேள்வியை யார் கேட்டாலும் வந்தவருக்கு அவர்கள்மேல் சந்தேகம் வந்துவிடும். வந்துவிட்டது.

அவர் பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தெட்டு. மலைச்சரிவில் இருந்த ஏழு ஊர்களுக்குக் காவல் வேட்டைக்காரர். பயிரை மேய வரும் மிருகத்தைச் சுடுவது அவர் வேலை.

மயிலாத்தாள் துப்பாக்கி செய்கிறவள். வயது முப்பத்து நாலு. புகைமலை உச்சியில் அவள் பட்டறை. அந்த உச்சியில் காற்று பலம். காகங்கள் அங்கே பறப்பதில்லை. புல்லை அலகால் பிடித்துக்கொண்டு நடந்துதான் போகும். என் வார்த்தையை நம்பாதவர்கள் போய்க் காகங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

வேட்டைக்காரர்கள் அவளைக் குரு என்றார்கள். அவள் யாரையும் சீடர் என்று சொன்னதில்லை. "துருத்தி மிதிக்க வந்தவர்" என்பாள். அவ்வளவுதான்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் என்று ஒன்று வந்த புதிது அது. ஓர் ஆளுக்கு ஒரு துப்பாக்கி. இன்னொன்று வேண்டுமென்றால் இருப்பதைப் போலீஸ் கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும்.

சென்னியப்பன் ஒப்படைத்துவிட்டார். தோளில் ஒரு புதுச் சீமைக் குழலை மட்டும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வெறும் குழல். அதன் பின்பக்கம் இன்னும் தோட்டா உட்காரும் அறை குடையப்படவில்லை. எந்தத் தோட்டாவுக்குக் குடைகிறார்களோ, அந்தத் தோட்டாதான் அந்தத் துப்பாக்கிக்குக் கடைசிவரை.

"பன்னிக்கு என்ன ஆச்சு?" என்றாள் மயிலாத்தாள்.

"சுட்டேன். முன்னங்காலு குளம்புல பட்டுச்சு. ஓடிப்போச்சு."

"நெஞ்சுக்குக் குறி வெச்சீங்களா, குளம்புக்கா?"

"நெஞ்சுக்குத்தான். குண்டுல பலம் இல்லீங்க. பாதி வழியில தொங்கிப்போச்சு."

அந்தப் பன்றி இப்போது சுனைக்குப் போகும் தடத்தில், முள்ளுப் புதரில் படுத்திருந்தது. மூன்று காலில் ஓடியது. நாலு காலில் ஓடியதைவிட வேகம். தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு மரம் ஏறினார்கள். ஒரு கிழவி ஏறிய மரத்தில் இன்னும் இருக்கிறாள் என்று பேச்சு.

அந்த ஏழு ஊர்களிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. காயம்பட்ட மிருகத்தை விட்டுவந்த காவல்காரர், அதை முடிக்கும்வரை மீசையை முறுக்கக் கூடாது. அடுத்த அமாவாசைக்குள் முடிக்காவிட்டால் மீசை நாவிதர் கத்திக்கு. காவல் வேறு ஆளுக்கு.

சென்னியப்பன் மீசை இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. கை தானாக அங்கே போகும். பாதியில் நினைவு வந்து காதைச் சொறிந்துவிட்டுத் திரும்பும்.

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது.



"யாரையாவது ரோசனை கேட்டீங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"கேக்காம இருப்பனா? கீழே தோட்டாக் கடை சாமுவேலைக் கேட்டேன். நடுவாந்தரமா ஒண்ணு போதும்னான்."

"சரி."

"என்ன சரி? விக்காம கெடந்திருக்கும். என் தலையில கட்டப் பாத்திருக்கான்."

"அப்புறம்?"

"காட்டு இலாகா கார்டைக் கேட்டேன். இருக்கறதுலயே சின்னது போதும்னான். அவனுக்கென்ன, மிருகம் சாகாம இருந்தாத்தானே சம்பளம்."

"அப்புறம்?"

"ஊர்ச் சபையில கேட்டேன். இருக்கறதுலயே பெருசா வாங்குன்னாங்க."

"அவங்க மேல சந்தேகம் வரலீங்களா?"

"எதுக்கு? நான் நெனச்சதையேதானே சொன்னாங்க."

மயிலாத்தாள் முதல் தடவையாக அரத்தைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"வேட்டைக்குக் கூட வர்றது யாரு?"

"என் தம்பி ரங்கன். பன்னி திரும்பி வந்து அவன் தொடையைக் கிழிச்சிருச்சு. கட்டில்ல கெடக்கறான்."

"அவர் என்ன சொன்னாரு?"

சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கட்டிலோட சபைக்குத் தூக்கிட்டு வந்தாங்க. யார் மேல தப்புன்னு கேட்டாங்க. 'துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான்'னு சொன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சொல்லிப்போட்டு என்னைப் பாக்காம செவுத்தைப் பாத்தான். காவல் மேல கண்ணுங்க அவனுக்கு."

"தொடையில அத்தனை பெரிய கட்டோடயா?"

"கட்டை அவுத்தா எந்திரிச்சுருவான்ல?"

மயிலாத்தாள் துருத்தியைக் காட்டினாள்.

"மிதிங்கண்ணா."



சென்னியப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தன் நிழலைக்கூடப் பின்னால் வர விடமாட்டார். பின்னால் வந்தால் அது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் காலையில் மேற்கே நடப்பார், மாலையில் கிழக்கே நடப்பார். நிழல் எப்போதும் கண்ணெதிரே. புகைமலைக்கு ஒரு நாள் வழி. அவருக்கு இரண்டு நாள் ஆனது.

அன்று மத்தியானம் மயிலாத்தாள் சோறு போட்டாள். சோறு, மோர், சுண்டைக்காய் வற்றல்.

"கறி இல்லீங்களா?"

"நான் தின்னறதில்லீங்க."

சென்னியப்பன் இலையை இரண்டு சாண் தள்ளி வைத்துக்கொண்டார்.

"கறி தின்னாதவங்க எதுக்குத் துப்பாக்கி செய்யணும்?"

"நாவிதருக்கு என்ன, தலை நெறைய மசுரு வேணுமா?"

மீசையைப் பற்றித்தான் பேசுகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். மோரை ஊற்றிக்கொள்ளவில்லை.

சாப்பிட்டதும் மயிலாத்தாள் பட்டடைக் கல்லின்மேல் மூன்று தோட்டாக்களை நிற்க வைத்தாள்.

மூன்றுக்கும் முனையில் இருந்த குண்டின் பருமன் ஒன்றுதான். பின்னால் மருந்து அடைத்த பித்தளைக் கூடுதான் வேறு வேறு நீளம். சின்னது சுண்டுவிரல் நீளம். பெரியது நடுவிரலைவிட ஒரு கணு அதிகம். மற்றது இரண்டுக்கும் இடையில்.

"இது குருவி. இது கிடா. இது ஆனை."

"ஆனையே போதும். ஆனை விழுந்தா முயல் விழாதா?"

"விழும். பொறுக்கறதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது."

"முயல் கெடக்குது விடுங்க. ஆனைக்கே குடைங்க."

"குருவிக்குக் குடைஞ்சா நாளைக்குக் கிடாவுக்குப் பெருசாக்கலாம். கிடாவை ஆனையாக்கலாம். ஆனைக்குக் குடைஞ்சுட்டா திரும்பி வர முடியாதுங்கண்ணா. குடைஞ்ச இரும்பை யாரு ஒட்டவைக்கறது?"

"நான் ஏன் திரும்பி வர்றேன்?"

மயிலாத்தாள் ஆனைத் தோட்டாவை விரல் நுனியால் மெல்லத் தள்ளினாள். அது கல்லில் விழுந்து 'டங்' என்றது. சென்னியப்பன் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தார்.

"தூசி," என்றார்.



மறுநாள் அவருக்கு வேறு கவலை வந்தது.

பட்டறைச் சுவரில் பத்துப் பதினைந்து குழல்கள் சாத்தியிருந்தன. தன் சீமைக் குழலை இவள் மாற்றிவிட்டால்?

மயிலாத்தாள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, தன் குழலின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டார். நேராக ஒன்று, குறுக்கே இரண்டு. யாருக்கும் தெரியாத அடையாளம். நிம்மதியாகச் சாப்பிட்டார். மோர்கூட ஊற்றிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் போய்க் குழலைத் திருப்பிப் பார்த்தார். கீறல் இருந்தது. திருப்தி.

பக்கத்துக் குழலையும் சும்மா திருப்பினார்.

அதிலும் இருந்தது. நேராக ஒன்று, குறுக்கே இரண்டு.

அதற்கடுத்ததில் இருந்தது. அதற்கும் அடுத்ததில் இருந்தது. சுவரில் சாத்திய எல்லாக் குழலிலும் இருந்தது. துருத்தியின் குழாயில் இருந்தது. அடுப்படிக்கு ஓடினார். ஊதாங்குழலிலும் இருந்தது.

"அம்மிணி!"

"ஏனுங்கண்ணா?"

"இது அநியாயம்! எம்பட குழல் எது?"

"உங்க குழல் எப்படி இருக்கும்?"

"அடியில கீறல் இருக்கும்!"

"கீறல் போடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

சென்னியப்பன் யோசித்தார். கனமா, நீளமா, வாயில் என்ன தடிப்பு, எந்தப் பக்கம் மினுக்கு அதிகம், ஒன்றும் நினைவில்லை. அதைச் சுமந்துகொண்டு வந்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பார்த்தது வழியில் வந்தவர்களை.

மயிலாத்தாள் ஒரு குழலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதுதான். உள்ளே பாருங்க. வெளிச்சத்துக்கு நேராப் புடிங்க."

கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே வரிவரியாகச் சுற்றிக்கொண்டு ஒளி ஓடியது. நீர்ச்சுழல்போல இருந்தது. இத்தனை அழகான பொருளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கேட்டார்.

"இதுதான்னு எப்படி நம்பறது?"

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். துருத்தியைக் காட்டினாள்.

அமாவாசைக்கு ஏழு நாள் இருந்தது.



அடுத்த நாள் பட்டறைக்கு வெளியே, நூறு தப்படிக்கு அப்பால், ஒரு கடுக்காய் மரக்கிளையில் மயிலாத்தாள் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள்.

பட்டறையில் மூன்று துப்பாக்கிகள் வைத்திருந்தாள். ஒன்று குருவித் தோட்டா போடுவது, ஒன்று கிடா, ஒன்று ஆனை. வருகிறவர்கள் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க.

"மூணுலயும் சுடுங்கண்ணா. எது உங்க தோளுக்கு ஒத்துவருதுன்னு பாக்கலாம்."

குருவியில் சுட்டார். 'பட்' என்றது. குடுக்கை அசையவில்லை. அதற்கு இருபது தப்படி முன்னால் மண் தெறித்தது.

"பலம் இல்லீங்க. போய்ச் சேரலை பாருங்க," என்றார்.

கிடாவில் சுட்டார். 'டமார்' என்றது. பாதித் தூரத்தில் மண் தெறித்தது.

"குறி பாக்கற முள்ளு கோணல்," என்றார்.

ஆனையில் சுட்டார். அந்தச் சத்தத்தில் மூன்று மலைக்கு அப்பால் ஒரு கல்யாணத்தில், மேளம் தொடங்கிவிட்டது என்று நினைத்துத் தாலி கட்டிவிட்டார்களாம். இங்கே மண் தெறித்தது இருபது தப்படியில். தெறித்த மண் அவர் மீசையிலேயே விழுந்தது.

சென்னியப்பன் துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சுரைக்குடுக்கையை முறைத்தார்.

"அங்க எதுக்குப் பாக்கறீங்க? குண்டு விழுந்த எடத்தைப் பாருங்க," என்றாள் மயிலாத்தாள்.

"மூணையும் கெடுத்து வெச்சிருக்கீங்க."

"எதுக்குங்க கெடுக்கணும்?"

"அதுதான் எனக்குப் புரியலை. எதுக்குன்னு புரிஞ்சுட்டா உங்களைப் புடிச்சிருவேன்."

மயிலாத்தாள் அவர் கையிலிருந்து ஆனைத் துப்பாக்கியை வாங்கினாள். ஒரு தோட்டாவைப் போட்டாள். தோளில் வைத்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. சுவாசம் பாதி போனதும் விரல் மட்டும் அசைந்தது.

சுரைக்குடுக்கை இருந்த இடத்தில் கயிறு மட்டும் ஆடியது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் சென்னியப்பன். "அது உங்க துப்பாக்கி. நீங்க சொன்னாக் கேக்குது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. சுட்டா ஆனையிலதான் சுடணும். குடுக்கை தூளாப் போச்சு பாருங்க! எனக்கு அதுதான் வேணும்."

மயிலாத்தாள் கயிற்றில் வேறொரு குடுக்கையைக் கட்டப் போனாள். போகும்போது எதையோ முணுமுணுத்தாள். என்னவென்று சென்னியப்பனுக்குக் கேட்கவில்லை. அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.



ஐந்தாம் நாள் விடிந்ததும் அவர் அவள்முன் வந்து நின்றார்.

"இன்னும் அஞ்சு நாள்தான் இருக்குது. குடைய ஒரு நாள். மரக்கட்டை பொருத்த ஒரு நாள். நான் எறங்க ரெண்டு நாள். பன்னிக்கு ஒரு நாள். இன்னைக்குத் தொடங்கலைன்னா என் காவல் போச்சுங்க அம்மிணி. ஆனைக்குக் குடைங்க."

"முடிவாங்களா?"

"முடிவு."

மயிலாத்தாள் சீமைக் குழலை எடுத்தாள். இரும்புப் பிடிப்பானில் இறுக்கினாள். சுவரில் மூன்று குடைகம்பிகள் தொங்கின. அவற்றில் பெரியதை எடுத்து எண்ணெய் தடவினாள். குழலின் பின்வாயில் அதை வைத்தாள். சுற்றுகிற கைப்பிடியை மாட்டினாள்.

"சுத்த ஆரம்பிச்சா நிறுத்தறதில்லீங்க."

"சுத்துங்க."

"ஒரே ஒரு வேலை பாக்கி இருக்குது. ஆனையில ஆறு தோட்டா சுட்டுக் காட்டுங்க. அப்புறம் சுத்தறேன். யாருக்குக் குடைஞ்சாலும் இங்க அதான் வழக்கம்."

அந்த வழக்கத்தை அவள் அப்போதுதான் உண்டாக்கினாள் என்று சென்னியப்பன் சந்தேகப்பட்டார். சரியாகத்தான் சந்தேகப்பட்டார்.

"சுடறேன். ஆனா தோட்டாவை என் கண்ணு முன்னால அடைக்கணும்."

"அடைக்கறேன்."

"ஒவ்வொண்ணையும் சொல்லிச் சொல்லி அடைக்கணும்."

"சரிங்க."

வெளியே பாறைமேல் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டார்.

"கூடு," என்றாள் மயிலாத்தாள். "அடியில பொறி விடற கேப்பு. உள்ளே மருந்து. மேல குண்டு." ஒன்று.

"கூடு. கேப்பு. மருந்து. குண்டு." இரண்டு.

"கூடு. கேப்பு. மருந்து. குண்டு." மூன்று.

நாலாவதற்குக் காற்று ஒன்று வீசியது. அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"திரும்பாதீங்க!"

"மருந்து பறந்துரும்ங்கண்ணா."

"மூணுக்குப் பறக்காத மருந்து நாலுக்கு மட்டும் பறக்குமா? அதைக் குடுங்க இங்க!"

அவள் தந்தாள். வாங்கினார். முகர்ந்தார். உள்ளங்கையில் எடை பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். சத்தமில்லை. மூன்றாவதையும் ஆட்டினார். அதிலும் சத்தமில்லை. பல்லால் கடித்தார். பித்தளை பித்தளையாகத்தான் இருந்தது.

ஐந்தையும் ஆறையும் அவள் திரும்பாமல் அடைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. கண்ணெதிரே இருந்தே ஏதோ செய்துவிட்டாளோ?

"உங்க துண்டை விரிங்க," என்றாள்.

விரித்தார். ஆறையும் அதில் போட்டு மூட்டையாகப் பிடித்துக் குலுக்கினாள்.

"இனி எனக்கும் தெரியாது. நான் தொடவும் மாட்டேன். நீங்களே ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுச் சுடுங்க."

இதில் குற்றம் கண்டுபிடிக்கச் சென்னியப்பன் வெகுநேரம் முயன்றார். முடியவில்லை. குற்றமே இல்லாத ஏற்பாட்டைவிடச் சந்தேகமானது வேறு என்ன இருக்கிறது?

முதல் தோட்டாவைப் போட்டார். தோளில் வைத்தார். குடுக்கையைப் பார்த்தார். விசையை இழுத்தார்.

இடி இடித்தது. மண் தெறித்தது.

"காத்து," என்றார்.

மயிலாத்தாள் தலையாட்டினாள்.

இரண்டாவது. இடி இடித்தது. மண் தெறித்தது.

"முள்ளை வளைச்சிருக்கீங்க."

மயிலாத்தாள் அதற்கும் தலையாட்டினாள்.

மூன்றாவதைப் போட்டார். கட்டையைத் தோளோடு சேர்த்து அழுத்தினார். பல்லைக் கடித்தார். விசையை இழுத்தார்.

'டிக்.'

அவ்வளவுதான். புகை இல்லை. இடி இல்லை. எங்கேயும் மண் தெறிக்கவில்லை.

"புடிச்சுட்டேன்!" என்று சென்னியப்பன் கத்தினார். "புடிச்சுட்டேன்! மருந்து இல்லாத தோட்டா! எனக்குத் தெரியும், நீங்க திரும்பினப்பவே தெரியும்!"

"அப்படியே நில்லுங்கண்ணா. அசையாதீங்க."

"நான் எதுக்கு அசையணும்? கையும் களவுமாப் புடிச்சவன் எதுக்கு அசையணும்? உள்ளே என்ன அடைச்சீங்க? சொல்லுங்க!"

"சாமை."

"என்னது?"

"கேப்பு பழசு. அது ஏற்கெனவே வெடிச்சது. உள்ளே சாமை. மேல நெசக் குண்டு."

"ஒத்துக்கறாங்க! அவங்க வாயாலயே ஒத்துக்கறாங்க! இத்தனை நாளு எல்லாரும் என்னைச் சந்தேகப் பிராணின்னு சொன்னாங்களே, இப்ப வந்து பாக்கச் சொல்லுங்க! ஏமாத்தினீங்களா இல்லையா?"

"ஏமாத்தினேன்."

"எதுக்கு?"

"அதைத்தான் சொல்லப்போறேன். அசையாம, மொதல்ல கண்ணைத் திறங்க."

சென்னியப்பன் வாய் அப்படியே நின்றது.

கண் மூடியிருந்தது. அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எப்போது மூடினார் என்று தெரியவில்லை. விசையை இழுத்த பிறகு மூடவில்லை. அதுமட்டும் தெரிந்தது.

திறந்தார்.

வலது தோள் காதுவரை ஏறியிருந்தது. இடது முழங்கை விலாவில் ஒட்டியிருந்தது. தாடை வலித்தது. சுரைக்குடுக்கை தூரத்தில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

துப்பாக்கி அதைப் பார்க்கவில்லை. குழல் கீழே சாய்ந்து, அவருடைய காலுக்கு நாலு முழம் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெடிக்காத துப்பாக்கி. அதை யாரும் தள்ளவில்லை. காற்றுகூட அந்த நேரம் நின்றிருந்தது.

சென்னியப்பன் குழலைப் பார்த்தார். அது இறங்கியிருக்கும் இடத்தைப் பார்த்தார். அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தார். தெரிந்த ஒருவர் தன் வீட்டுக்குள்ளிருந்து திருட்டுச் சாமானோடு வெளியே வருவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மயிலாத்தாள் எழுந்து பட்டறைக்குள் போனாள். குடைகம்பியின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"சரிங்கண்ணா. ஆனைக்குத்தானே? சுத்தட்டுங்களா?"

சென்னியப்பன் உள்ளே வந்தார். ஆனைத் துப்பாக்கியை அதன் இடத்தில் சாத்தினார். பிடிப்பானிடம் வந்தார். குழல் வாயில் இருந்த பெரிய குடைகம்பியைத் தன் கையாலேயே உருவினார். துடைத்தார். ஆணியில் மாட்டினார்.

நடுவில் தொங்கிய கம்பியை எடுத்து அவள்முன் வைத்தார்.

"கிடாவா?" என்றாள்.

"கிடா."

"இது சாமுவேலு சொன்னதுங்களே."

"ஆமா."

அவள் அதற்கு எண்ணெய் தடவினாள். குழலின் பின்வாயில் பொருத்தினாள். முதல் சுற்றுச் சுற்றினாள். இரும்பு மெல்லிய சுருளாக வெளியே வந்து விழுந்தது.

சென்னியப்பன் சுவரில் இருந்த கிடாத் துப்பாக்கியை எடுத்தார். வாசலுக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றார்.

"இது குடைஞ்சு முடியறதுக்கு எத்தனை நேரம் ஆகும்?"

"பொழுது சாயற வரைக்கும் ஆகும்."

"அதுவரைக்கும் நான் சும்மா இருக்க முடியாதுங்க. கையை நிறுத்திட்டுக் கிடாத் தோட்டா ஒரு இருபது அடைச்சுக் குடுங்க."

"சுத்த ஆரம்பிச்சா நிறுத்தறதில்லைன்னு சொன்னேன்."

"அது நீங்க சும்மா சொன்னது."

மயிலாத்தாள் சிரித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கூடுகளையும் மருந்துப் பெட்டியையும் எடுத்து வந்தாள். பாறைமேல் உட்கார்ந்தாள்.

"வாங்க. மூக்கைக் கிட்டத்துல வெச்சுப் பாத்துக்குங்க."

சென்னியப்பன் வரவில்லை. சுரைக்குடுக்கை இருந்த திசையைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நான் திரும்பிக்கறேன். எத்தனையில சாமைன்னு மட்டும் சொல்லிராதீங்க அம்மிணி."